பரணில் கிடக்கும் இசைத்தட்டுகளை அடையாளம் கண்டு விற்பது எப்படி? வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் சித்தப்பா குடியாத்தத்தில் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதக் கூழ் வார்த்தல், கெங்கையம்மன் சிரசுத் திருவிழா என்று வருடம் முழுக்க அவருடைய கூம்புக் குழாய்கள் ஏதாவது ஒரு தென்னை மரத்தில் கட்டியிருக்கும். அவர் காலமான பிறகு இரண்டு டிரங்குப் பெட்டி ரிக்கார்டுகள் வேலூரில் எங்கள் வீட்டுப் பரணுக்கு வந்தன. ஒரு பெட்டியை வெளியூர் வியாபாரி ஒருவர் 1,500 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு போனார். இடம் காலியானதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆறு மாதம் கழித்து இணையத்தில் ஒரே ஒரு எல்.பி. தட்டு அந்த விலைக்கும் மேலே விற்றுப்போயிருந்ததைப் பார்த்தேன். படத்தில் இருந்த உறையின் மூலையில் சித்தப்பாவின் ரப்பர் ஸ்டாம்ப்.

அந்த வியாபாரி என்னை ஏமாற்றவில்லை. அவருக்குத் தட்டைப் படிக்கத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது பெட்டியை நானே படித்து விற்றேன். அதற்கு ஒன்றரை வருடம் ஆனது. அப்போது கற்றதுதான் இது.

முதல் படி: இறக்குங்கள், ஆனால் துடைக்காதீர்கள்

பெட்டியைத் திறந்ததும் ஈரத் துணியால் துடைக்கத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். என்ன வகைத் தட்டு என்று தெரியாமல் துடைத்தால் என்ன ஆகும் என்பதைக் கழுவும் படியில் என் கதையாகவே சொல்கிறேன்.

தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். புத்தக அலமாரியில் புத்தகம் நிற்பதுபோல நிமிர்த்தி, சாயாமல் வையுங்கள். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும்போது தகரக் கூரைக்கும் தளத்துக்கும் கீழே இருக்கும் பரண் அடுப்பாகிவிடும். வினைல் தட்டு இளகி அப்பளம்போல் நெளிந்துபோவது அங்கேதான். பெட்டியைக் கீழ்த்தளத்தில், வெயில் விழாத உள்சுவர் ஓரமாக வைத்தால் போதும். உறையோடு ஒட்டிய பிளாஸ்டிக் தாளைப் பிய்த்து எடுக்காமல் மெல்ல நழுவ விடுங்கள்.

இரண்டாம் படி: அரக்கா, வினைலா?

இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பத்து அங்குல விட்டம், கையில் கனம், ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு, மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம்: இது நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் 78 சுற்றுத் தட்டு. மரத்தில் பூச்சி உண்டாக்கும் அரக்கோடு கல்மாவும் கரியும் கலந்து அழுத்தியது. கீழே விழுந்தால் மண் ஓடுபோல உடையும். வளைத்துப் பார்த்துச் சோதிக்க நினைக்காதீர்கள், இரண்டாகிவிடும். விரல் நகத்தால் ஓரத்தைத் தட்டினால் பீங்கான் தட்டின் ஒலி வரும். நீளமான பாட்டாக இருந்தால் பாகம் 1 ஒரு பக்கம், பாகம் 2 மறுபக்கம் என்று பிரித்திருப்பார்கள்.

ஏழு அங்குலச் சிறிய தட்டு, 45 சுற்று, பெரும்பாலும் ஒரு படத்தின் நான்கு பாட்டுகள்: இது ஈ.பி. பன்னிரண்டு அங்குலம், 33⅓ சுற்று, பக்கத்துக்குச் சுமார் இருபது நிமிடம் ஓடினால் எல்.பி. நம் வீடுகளில் கிடைக்கும் ஈ.பி.யும் எல்.பி.யும் வினைல் என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை. லேசாக வளையும், தட்டினால் மந்தமான ஒலி.

உலகம் எல்.பி.க்கு மாறத் தொடங்கியது 1948இல். ஆனால் இந்தியாவில் 1960கள் முழுவதும் 78 சுற்றுத் தட்டுகள் அச்சாகிக்கொண்டிருந்தன. கிராமங்களில் மின்சாரம் இல்லை, சாவி கொடுக்கும் கிராமபோன்தான் இருந்தது என்பது ஒரு காரணம். அதன் விளைவாக ஒரு வேடிக்கை நடந்தது. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவின் பாட்டுகள் கல்கத்தாவில் 78 சுற்றில் அச்சாயின. அவர்களுடைய சொந்த நாட்டிலேயே கிடைக்காத வடிவம் அது. பார்லஃபோன் லேபிளில் அந்தப் பெயரோடு ஒரு கனமான பத்து அங்குலத் தட்டு உங்கள் பெட்டியில் இருந்தால், தேநீரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடியுங்கள்.

மூன்றாம் படி: தட்டைப் படிப்பது

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வரி: கம்பெனி, தட்டு எண், பாடியவர் அல்லது படம், பொறித்த எண், நிலை. இதில் பொறித்த எண் என்பது பலர் பார்க்காமல் விடுவது. பாட்டு முடிந்தபின் லேபிளைச் சுற்றி வெறுமையாக ஒரு வளையம் இருக்கும். தட்டை விளக்குக்குச் சாய்வாகப் பிடித்தால் அங்கே எண்ணும் எழுத்தும் மின்னும். லேபிள் கிழிந்துபோன தட்டைக்கூட இந்த எண்ணை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

கம்பெனி என்றதும் எல்லாருக்கும் நினைவு வருவது குழாய்முன் அமர்ந்த நாய், ஹெச்.எம்.வி. அதே கிராமபோன் கம்பெனி கொலம்பியா, ஓடியன், ஏஞ்சல் போன்ற லேபிள்களிலும் பின்னாளில் தட்டு வெளியிட்டது. 1930களின் மதராஸ் தட்டுகளில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் பெயர் அடிக்கடி தென்படும். ஏ.வி. மெய்யப்பன் படத் தயாரிப்புக்கு வருமுன் கூட்டாளிகளோடு நடத்திய நிறுவனம் அது. 1970களில் பாலிடோர், இன்ரிகோ. 1980களில் இளையராஜா ரசிகர்கள் தலைக்குமேல் வைத்துக் கொண்டாடும் எக்கோ. நாய்ப் படத்துக்குப் பதிலாக இறகுப் பேனாவால் எழுதும் சிறகு முளைத்த தேவதை இருந்தால், அது நாய்க்கு முந்திய லேபிள். ஒரு பக்கம் மட்டும் பாட்டு, மறுபக்கம் வெறும் வழவழப்பு என்றால் அதுவும் 1900களின் தொடக்ககாலத் தட்டு. இவை இரண்டையும் எனக்குத் தெரிந்து இந்த மாவட்டத்தில் யாரும் பரணிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் நீங்கள்தான் முதல்.

மிகப் பழைய தட்டில் லேபிள் அழிந்திருந்தால் கடைசிவரை கேளுங்கள். பாடகர் தம் பெயரைத் தாமே சொல்லி முடிப்பார். 1902 நவம்பரில் கல்கத்தாவில் பதிவுசெய்யப்பட்ட பாடகி கௌஹர் ஜான் தொடங்கிவைத்த வழக்கம் என்று இதைச் சொல்வார்கள். காரணம் எளிது: வெளிநாட்டில் தட்டு தயாரிப்பவர்களுக்கு எது யார் பாட்டு என்று தெரிய வேண்டியிருந்தது.

வருடம் கண்டுபிடிப்பதில் எல்லாரும் சறுக்குகிறார்கள். வட்டத்துக்குள் 'பி' எழுத்து போட்டு ஒரு வருடம் அச்சிட்டிருந்தால், அது பதிவு முதலில் வெளியான வருடம். தட்டு அச்சான வருடம் அதுவே என்று நினைக்கக் கூடாது. அந்தக் குறியை 1961 ரோம் ஒப்பந்தம் கொண்டுவந்தது, 1971 சர்வதேச ஒப்பந்தத்துக்குப் பிறகு அது பரவலானது. ஆகவே 1965ஆம் வருடப் படத்தின் தட்டில் அந்தக் குறி இருந்தால் அது பின்னாளில் மறுபடி அச்சிட்டதாகவும் இருக்கலாம். எனக்கு மிகப் பிடித்த தடயம் இன்னொன்று: உறையின் பின்புறம் கம்பெனி முகவரியைப் பாருங்கள். ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் உறை 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தியது. நாட்டில் பின்கோடு வந்த நாள் அது. வெறுமனே இரண்டு இலக்க வட்டார எண்ணோடு 'கல்கத்தா' என்று முடிந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியது.

நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் மறைந்துவிட்டார், ஆகவே என் கிட்டப்பா தட்டு 1933க்கு முந்தியது என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். பாட்டு முந்தியதுதான். ஆனால் கேட்க ஆள் இருக்கும்வரை கம்பெனி அதே தட்டைத் திரும்பத் திரும்ப அச்சிடும்.

கடையின் முத்திரையை மட்டும் சுரண்டாதீர்கள். 'வேலூர், வ.ஆ.' என்று முடியும் ஸ்டாம்பும், மூன்று இலக்கத் தொலைபேசி எண்ணும் சில உறைகளில் இருக்கின்றன. வட ஆற்காடு 1989இல் இரண்டாகவும், வேலூர் 2019இல் மூன்றாகவும் பிரிந்த பிறகு அந்த இரண்டு எழுத்துகளைப் பார்த்து வாங்குகிற உள்ளூர்க்காரர்கள் இருக்கிறார்கள். விலை கூடாவிட்டாலும் விற்பனை சுலபமாகும்.

நான்காம் படி: அது எந்த வீட்டு ரிக்கார்டு?

எந்த விலைப் பட்டியலிலும் இல்லாத விஷயம் இது. தட்டு எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதே பாதி விலையைச் சொல்லிவிடும்.

மைக் செட் ரிக்கார்டுகள்: எண்ணிக்கை அதிகம், நிலை மோசம். ஒரே பாட்டை ஒரு முகூர்த்த நாளில் பத்து முறை போட்டிருப்பார்கள். முள்ளை மாற்றியிருக்க மாட்டார்கள். நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் சிலந்தி வலைபோலக் கோடுகள் இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் பிளேயரில் நடுத்தண்டைத் தேடித் தேடிப் போட்ட அவசரம் அது. என் சித்தப்பாவின் ஈ.பி.க்களில் முக்கால்வாசி இப்படித்தான். ஆனால் மைக் செட்டுக்காரர்கள் கூட்டம் கேட்காத தட்டுகளையும் வாங்கி வைத்தார்கள். கருவி இசை, மேற்கத்திய நடன இசை, ஓடாத படங்களின் பாட்டுகள். அவை ஒருமுறைகூடச் சுற்றாமல் பெட்டியின் அடியில் கிடக்கும். நான் 1,500 ரூபாய்க்கு விட்ட பெட்டியில் இருந்ததும் அப்படிப்பட்ட ஒன்றுதான்.

ஓடாத படத்தின் தட்டுக்கு ஏன் மதிப்பு? கொஞ்சம்தான் அச்சிட்டார்கள் என்பதால். 1980களின் பிற்பகுதித் தட்டுகளுக்கும் இதே கதைதான். கேசட் வந்தபின் எல்.பி. வாங்கியவர்கள் குறைவு. மறுபக்கம், 1963இல் வெளிவந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாத எல்.பி.யைப் பாருங்கள். திருப்பதிக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் நம் ஊரில் அது இல்லாத ரிக்கார்டு வீடு அபூர்வம். அதனாலேயே விலை ஏறாது. விற்காதீர்கள், காலையில் போட்டுக் கேளுங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு வீடுகளில் உருது கவ்வாலியும் கஜலும் இருக்கும். தோல் வியாபாரத்துக்காகக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் போய் வந்தவர்கள் வாங்கிவந்தவை. தமிழ்நாட்டு வியாபாரி இவற்றை எழுத்துத் தெரியாமல் ஒதுக்கிவிடுவார். உருது படிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டியல் எடுத்து வடக்கே விற்றால் நல்ல விலை கிடைக்கும். வேலூரில் ஐடா ஸ்கடர் 1900இல் தொடங்கிய மருத்துவமனையைச் சுற்றி வெளிநாட்டு மருத்துவர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்திருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பும்போது அவர்கள் கொடுத்துவிட்டுப் போன மேற்கத்திய சாஸ்திரிய இசைத் தட்டுகளைச் சில வீடுகளில் பார்த்தேன். பளபளவென்று இருக்கும். வாங்கத்தான் ஆள் இல்லை.

நாதசுவரத் தட்டுகள், நாடக செட்டுகள், கர்நாடக இசையின் 78 சுற்றுத் தட்டுகள் ஆகியவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். இவற்றைத் தேடுபவர்கள் சிலரே என்றாலும் விடாமல் தேடுபவர்கள். நாடக செட் என்றால் எல்லாத் தட்டும் சேர்ந்திருக்க வேண்டும். நடுவில் ஒன்று குறைந்தாலும் கேட்பவர் முகம் வாடிவிடும்.

ஐந்தாம் படி: கழுவுதல்

கழுவுவதைப் பற்றி எனக்குச் சொல்ல உரிமை உண்டு, ஒன்றைக் கெடுத்தவன் என்பதால். மருந்துக் கடையில் ஸ்பிரிட் வாங்கிப் பஞ்சில் நனைத்து ஒரு பாகவதர் தட்டைத் துடைத்தேன். பஞ்சு கறுப்பாக மாறியது. அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தித் துடைத்தேன். கரைந்துகொண்டிருந்தது பாட்டு. அரக்கு சாராயத்தில் கரையும், மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுகிற தச்சரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

ஆகவே 78 சுற்றுத் தட்டுக்கு எந்த வடிவிலும் ஸ்பிரிட் கூடாது. வடிநீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான துணி அல்லது குழந்தைகளின் பல் துலக்கி, பள்ளம் போகும் திசையிலேயே வட்டமாக. குறுக்கே தேய்க்கக் கூடாது. பிறகு வெறும் வடிநீரில் ஒருமுறை, உடனே ஒற்றி எடுத்து நிழலில் நிமிர்த்திக் காய விடுங்கள். வினைலுக்கும் இதே முறை போதும். நம் பாலாற்றங்கரை ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், உப்பு பள்ளத்துக்குள் வெள்ளையாக உறைந்துவிடும். பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர் கேன் வாங்கிக்கொள்ளுங்கள். லேபிள் நனையக் கூடாது.

நெளிந்த தட்டை இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்து மொட்டை மாடி வெயிலில் நிமிர்த்தலாம் என்று ஒரு யோசனை உலவுகிறது. செய்யாதீர்கள். நெளிவைச் சொல்லி விற்பது மேல்.

ஆறாம் படி: போட்டுக் கேட்டு நிலையை எழுதுவது

சாவி கொடுக்கும் கிராமபோனில் வினைல் தட்டைப் போட்டால் அதுதான் அதன் கடைசி ஓட்டம். எஃகு முள்ளின் பாரம் பள்ளத்தை உழுதுவிடும். அரக்குத் தட்டில் கலந்திருக்கும் கல்மாவு முள்ளைத் தேய்ப்பதற்காகவே உள்ளது, ஆகவே அங்கே ஒவ்வொரு பக்கத்துக்கும் புது முள். மின்சாரப் பிளேயரில் 78 போடுவதானால் அதற்கான அகன்ற முள் வேண்டும், ஏனென்றால் அதன் பள்ளம் எல்.பி.யின் பள்ளத்தைப்போல மூன்று மடங்கு அகலம்.

வாங்குபவர்கள் ஆங்கிலப் பட்டங்களில்தான் பேசுவார்கள்: மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட். இதில் ஒரு சூட்சுமம். 'குட்' என்றால் நல்லது என்று அர்த்தமில்லை, முழுக்க இரைச்சலோடு ஏதோ ஓடும் என்று அர்த்தம். 'வெரி குட்' என்பதே சுமார்தான். தட்டுக்கு ஒரு பட்டம், உறைக்கு ஒரு பட்டம் என்று தனித்தனியாக எழுதுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு படி குறைத்து எழுதுங்கள், திரும்பி வரும் பார்சல் குறையும். முள் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி நின்றால் எந்தப் பாட்டில், எத்தனையாவது நிமிடம் என்பதையும் குறிப்பிடுங்கள்.

ஏழாம் படி: விலையும் விற்பனையும்

இணையத்தில் ஒருவர் 20,000 ரூபாய் கேட்கிறார் என்பது விலை ஆகாது. யார் வேண்டுமானாலும் எதையும் கேட்கலாம். விற்ற விலையைப் பாருங்கள். இசைத்தட்டுகளுக்கான டிஸ்காக்ஸ் இணையதளத்தில் தட்டு எண்ணைத் தட்டினால், இதற்குமுன் விற்றவற்றின் குறைந்த, நடு, அதிக விலை மூன்றும் வரும். நம் தமிழ்த் தட்டுகள் பல அங்கே சரியாக ஏறவில்லை. அந்த இடத்தில் ரிக்கார்டு சேகரிப்போரின் முகநூல், வாட்ஸ்அப் குழுக்களில் கேட்பது உதவும். நான் செய்தது: ஒரே தட்டைப் பற்றி மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டேன். மூவரும் 'இது சாதாரணம்' என்றால் சாதாரணம். ஒருவர் மட்டும் 'மொத்தமாகக் கொடுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்' என்றால் பெட்டிக்குள் ஏதோ இருக்கிறது.

வேலூருக்குள்ளேயே விற்பது கடினம். காயலான் கடையில் எடைக்குத்தான் கேட்பார்கள். காட்பாடியில் ரயில் ஏறினால் ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் பெங்களூரு. இந்த வசதி எல்லா ஊருக்கும் இல்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் மைக் செட் ஈ.பி.க்களை ஐம்பது ஐம்பதாகக் கட்டித் தள்ளிவிடலாம். நல்ல தட்டை அங்கே கொண்டுபோகாதீர்கள். ஆங்கிலப் பாட்டு, இந்தித் திரைப்பாட்டுத் தட்டுகளுக்குப் பெங்களூரில் ஆர்வம் அதிகம் என்பது என் அனுபவம்.

வாங்குபவர் வீட்டுக்கு வந்தால் ஒன்று கவனியுங்கள். நல்லதைப் பொறுக்கிக்கொண்டு மீதியை விட்டுப் போக விடாதீர்கள். முதலிலேயே மூன்று குவியலாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி விலை சொல்லுங்கள்.

விற்க மனமில்லாத, ஆனால் கெட்டுப்போகவும் கூடாத 78 தட்டுகள் இருந்தால் சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திடம் கேட்டுப் பாருங்கள். அங்கே பழைய இசைத்தட்டுத் தொகுப்பு இருக்கிறது. உங்களிடம் உள்ள தட்டை விற்பது உங்கள் உரிமை. அதிலிருந்து பாட்டைப் பதிவுசெய்து விற்பது வேறு. ஒலிப்பதிவுக்கு நம் நாட்டில் வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு. நூறு வயது கடந்த தட்டை வெளிநாட்டுக்கு அனுப்புமுன் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெட்டியோடு பித்தளைக் குழாய் வைத்த கிராமபோனும் இருந்தால் பழையது என்று குதிக்க வேண்டாம். நாய் பொம்மை ஒட்டிய புதுப் போலிகள் கைவினைக் கடைகளில் நிறைய விற்றன.

எட்டாம் படி: கட்டி அனுப்புவது

எல்.பி.யை உறைக்குள் வைத்தபடி அனுப்பாதீர்கள். வழியில் குலுங்கும்போது தட்டின் ஓரம் உறையின் தையலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். தட்டைத் தனித்தாளில் போட்டு உறைக்குப் பின்னால் வைத்து, இரண்டு பக்கமும் தட்டைவிட ஓரங்குலம் பெரிய அட்டைகள் வைத்துக் கட்டுங்கள். அட்டைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம், செருப்புக் கடையிலும் மருந்துக் கடையிலும் கேட்டால் கொடுப்பார்கள்.

78 தட்டு என்றால் இன்னும் ஒரு சுற்று கவனம். ஒவ்வொரு தட்டுக்கும் நடுவே அட்டை, மொத்தக் கட்டுக்கும் பஞ்சுத் தாள், பிறகு பெரிய பெட்டிக்குள் எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் காகித உருண்டை. பெட்டியைக் குலுக்கினால் உள்ளே எதுவும் அசையக் கூடாது. ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள், பஸ் பார்சலில் வேண்டாம். மேலே 'இசைத்தட்டு' என்று எழுதி அனுப்பிய முதல் பெட்டியில் நான்கில் மூன்று உடைந்து போனது. அடுத்த பெட்டியில் சிவப்பு மையில் 'கண்ணாடி' என்று எழுதினேன். பத்தும் முழுசாகப் போய்ச் சேர்ந்தன.